கொலுவில் கேட்ட குரல்

அன்று விடிந்ததிலிருந்து சுப்புலக்ஷ்மியின் ஃபோன் அடுப்பு மேடையில் கிடந்து துடித்துக்கொண்டிருந்தது. நவராத்திரி ஏழாம் நாள். சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தாள். எல்லாம் கைதட்டல், பூங்கொத்து, கும்பிடு.

"ஏன்னா, கேட்டேளா? நம்ம வீடியோவுக்குத்தான் ஃபர்ஸ்டாம்!"

கூடத்தில் வேங்கடசுப்ரமணியன் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "எதுக்கு ஃபர்ஸ்ட்?"

"மாட்டுங்கா கொலு குரூப்ல போட்டி வச்சிருக்கா இல்லையா? ருக்கு ஆத்துக் கொலுவை எடுத்துப் போட்டேன். ஆஹா ஓஹோங்கறா எல்லாரும்."

பேப்பர் இறங்கியது. "ருக்கு ஆத்துக் கொலுவையா? கண்ணா என்ன சொல்லியிருக்கான்?"

"எல்லாம் ஞாபகம் இருக்கு. ஒரு மூஞ்சி கூடத் தெரியாது அதுல. பொம்மை மட்டுந்தான். நான் என்ன அசடா?"

அசடு இல்லைதான். அசடாக இருந்தால் இந்த இரண்டு மாதத்தில் எத்தனையோ தடவை உளறியிருப்பாள். விஷயம் தெரியாமல் இன்றைக்குத்தான் இந்தக் குடும்பத்துக்குள் நுழைகிறவர்களுக்கு நான் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் அதற்குள் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வரலாம்.

ஹரிதா, சுப்புலக்ஷ்மியின் பெண். புருஷன் நகுலின் சான்பாடா ஃபிளாட்டை விட்டு, போட்டிருந்த சுடிதாரோடு ஆடி மாதத்தில் வெளியே வந்தவள். நகுல் அடித்தானா? இல்லை. குடித்தானா? அதுவும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தான், அவ்வளவுதான். கூடத்தில் காமிரா. அவள் ஃபோனுக்குள் அவளுக்கே தெரியாமல் ஒரு ஆப். அவள் யாருக்கு என்ன எழுதினாள், என்ன பேசினாள், எந்தக் கடை வாசலில் எவ்வளவு நேரம் நின்றாள் என்பதெல்லாம் அவனுக்கு ஆபீஸில் உட்கார்ந்தபடியே தெரியும். கடைசியில் ஒருநாள் வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் கதவு திறந்ததும் அவள் கிளம்பிவிட்டாள்.

அவளை ஒளித்துவைத்தது அண்ணன் கண்ணா. இடம் திலக் நகர், சுப்புலக்ஷ்மியின் பள்ளிக்கூடத் தோழி ருக்குவின் வீடு. கல்யாணமே செய்துகொள்ளாமல் டீச்சராக இருந்து ரிடையர் ஆனவள் ருக்கு. அப்படி ஒருத்தி இருப்பதே நகுலுக்குத் தெரியாது. ஹரிதாவுக்குப் புது ஃபோன், புது நம்பர், செம்பூரில் ஒரு ஆபீஸில் கணக்கு வேலை. வீட்டில் எல்லாருக்கும் கண்ணா போட்ட சட்டம்: ஃபோட்டோ கிடையாது, ஸ்டேட்டஸ் கிடையாது, ஃபோனில் அவள் பெயரே வரக்கூடாது. "ருக்குவோட பூனை சாப்பிட்டுதா?" என்றுதான் பெற்ற தாயே விசாரிக்க வேண்டும். தசரா முடிந்த மறுநாள் கோர்ட்டில் ஹியரிங். நகுல் அவள் பக்கத்தில் வரக்கூடாது என்று உத்தரவு வாங்கும்வரை அவள் இருக்குமிடம் வெளியே தெரியக்கூடாது என்று வக்கீல் வந்தனா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

இன்னும் நாலு நாள்தான் பாக்கி. வெண்ணெய் திரண்டு வரும் நேரம்.

ஃபோன் மறுபடி துடித்தது. சுப்புலக்ஷ்மி கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். இது குரூப் இல்லை. தெரியாத நம்பர். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"அம்மா, பாட்டெல்லாம் பலமா இருக்கே! கொலு அமர்க்களம்."

அவளை அம்மா என்று கூப்பிட உலகத்தில் மூன்றே பேர். இரண்டு பேர் அவள் பெற்றது. மூன்றாவது மாப்பிள்ளை. தமிழ் எழுத்து தெரியாத பம்பாய்ப் பிள்ளை.

கரண்டி கையிலிருந்து நழுவியது. கடுகு கருகிக்கொண்டிருந்தது. அவள் அடுப்பை அணைத்தாள். அணைத்தோமா என்று சந்தேகம் வந்து மறுபடி திருகி, அடுப்பு எரிந்து, மறுபடி அணைத்தாள்.

பாட்டு. கடவுளே, பாட்டு!

பொம்மைக்காகவா அவள் அந்த வீடியோவை எடுத்தாள்? பொம்மை என்ன புதிதா? மூன்றாம் நாள் சாயங்காலம் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ளப் போனபோது, ஆபீஸிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்ட ஹரிதாவை ருக்கு கொலுவின் முன் உட்காரவைத்து, "ஒரு பாட்டுப் பாடேண்டி. பாடாம சுண்டல் கிடையாது" என்றாள். ஹரிதா மாட்டேன் என்றாள். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். பிறகு பாடினாள். ரெண்டு வருஷமாகப் பாடாத பெண்!

சுப்புலக்ஷ்மிக்குக் கண்ணில் ஜலம் கட்டிக்கொண்டது. ஃபோனை எடுத்துப் பொம்மைகளின் பக்கம் திருப்பினாள். மகளின் கை நிழல்கூட விழாமல் எத்தனை ஜாக்கிரதை! மேல் படியில் ஆரம்பித்துச் செட்டியார் பொம்மைவரை மெதுவாக இறக்கினாள். வீட்டுக்கு வந்து ராத்திரி அதையே கேட்டுக் கேட்டுப் பூரித்தாள். பூரிப்பு தாங்காமல் குரூப்பில் போட்டாள்.

ஹூம். மாட்டுங்காவில் தும்மினால் சான்பாடாவில் 'தீர்க்காயுசு' சொல்லுகிற ஜனங்கள். இந்த குரூப்பில் இருக்கிற மாமியின் தங்கை அந்த குரூப்பில் இருப்பாள். போதாதா?

கண்ணாவுக்கு ஃபோன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். அவன் அந்தேரி ஆபீஸில் இருந்தான்.

"அரே, அம்மா! என்ன பண்ணி வச்சிருக்கே?"

"திட்டறதை அப்புறம் திட்டுடா. இப்போ என்ன பண்ணட்டும்?"

"குரூப்ல அதை அழி. எல்லாருக்கும் அழியறாப்பல வருதா பாரு."

அவள் வீடியோவை அழுத்திப் பார்த்தாள். "வரலைடா. எனக்கு மட்டும் அழிக்கட்டுமான்னு கேக்கறது."

"நாள் ஆயிடுத்து. அவ்வளவுதான், அது போச்சு. குரூப் அட்மின் மாமிகிட்ட சொல்லி எடுக்கச் சொல்லு. ஃபார்வர்ட் ஆனதை ஒண்ணும் பண்ண முடியாது. அவன் மெசேஜை மட்டும் அழிச்சுடாதே, கேட்டியா? ஃபோட்டோ பிடிச்சு எனக்கும் வந்தனா மேடத்துக்கும் அனுப்பு. பதில் போடாதே. ஒரு எழுத்துக்கூட."

"அவனுக்குத் தெரிஞ்சுபோச்சாடா?"

"குரல் தெரிஞ்சுருக்கு. இடம் எப்படித் தெரியும்? கொலு வைக்கற தமிழாள் வீடு பம்பாய்ல எத்தனை இருக்கு! மூஞ்சியும் இல்லை, பேரும் இல்லை. டென்ஷன் ஆகாதே. ஆனா நீ அங்கே போகாதே. நீ பதறிண்டு ஓடுவேன்னுதான் அந்த மெசேஜே அனுப்பியிருப்பான். உன் பின்னாடியே வந்துடுவான்."

போகாதே என்று சொல்வது சுலபம். பெற்றவளுக்கு ஒரு இடத்தில் உட்கார முடிய வேண்டுமே! சுப்புலக்ஷ்மி கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். பால்கனிக்குப் போய்க் கீழே பார்த்தாள். பூக்காரன் வண்டி, காய்கறிக்காரி, ஃபோனில் பேசியபடி நின்ற ஒரு பையன். அவன் ஏன் அங்கேயே நிற்கிறான்? அவன் போனதும், ஏன் போய்விட்டான் என்று தோன்றியது. சாப்பாட்டில் கை வைக்கவில்லை. கணவனிடம் சொன்னால் பிரஷர் ஏறும் என்று விழுங்கிக்கொண்டாள்.

மத்தியானம் அவள் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை தெரிகிறதா? ஜன்னல் தெரிகிறதா? பொம்மைக்குப் பின்னால் காலண்டர் ஏதாவது? ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் மூச்சு வந்தது. எதற்கும் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று போட்டாள்.

"சுப்பு," என்றார் வேங்கடசுப்ரமணியன் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியபடியே. "குழந்தை நன்னாத்தான் பாடறா. ஆனா நடுவுல அந்த மைக்காரன் ஏன் இப்படிக் கத்தறான்? பாட்டையே கேக்க விடலை."

"எந்த மைக்காரன்?"

"நன்னாருக்கு. இத்தனை தடவை போட்டியே, கேக்கலையா? டிளக் நகர், பில்டிங் நம்பர் பாரா, எல்லாரும் ஆரத்திக்குக் கீழே வாங்கோன்னு மராத்தியில கத்தறானே."

முப்பத்தைந்து வருஷம் துறைமுக ஆபீஸில் மராத்திக்காரர்களோடு டிபன் டப்பாவைப் பங்குபோட்டுச் சாப்பிட்டவர். அவர் காதில் விழாமல் போகுமா?

சுப்புலக்ஷ்மி ஃபோனைக் காதோடு ஒட்டவைத்துக்கொண்டாள். பல்லவி முடிந்தது. சரணத்துக்கு முன்னால் ஹரிதா மூச்சு வாங்குகிற இடம். அங்கே, ஜன்னலுக்கு வெளியேயிருந்து, நவராத்திரிப் பந்தலின் ஒலிபெருக்கி: "டிளக் நகர், பில்டிங் நம்பர் பாரா, ஸர்வ ரஹிவாஷான்னா விநந்தி..." கணீரென்று, ஒரு எழுத்துப் பிசகாமல். மராத்தி வாயில் திலக் நகர் அப்படித்தான் வரும்; பாரா என்றால் பன்னிரண்டு.

ருக்கு வீட்டில் உட்கார்ந்திருந்த யாருக்கும் அது அன்றைக்குக் கேட்கவில்லை. பம்பாயில் நவராத்திரி என்றால் ஊரே மைக்தான். இதை ஒரு சத்தமாக யார் காதில் வாங்குகிறார்கள்? மூஞ்சியை மறைத்தார்கள், பேரை மறைத்தார்கள், பூனை என்றார்கள். கடைசியில் பில்டிங் நம்பரோடு விலாசத்தை மைக் போட்டுச் சொல்லியாயிற்று.

"ஏன்னா..." என்றாள். அவர் காலடியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். மெசேஜைக் காட்டினாள்.

அவர் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். பிரஷர் ஏறவில்லை. எழுந்து அவள் செருப்பை எடுத்து வாசலில் போட்டார்.

"கிளம்பு."

"கண்ணா போகாதேன்னான்..."

"இடந்தான் தெரிஞ்சுபோச்சே. இனிமே எதை ஒளிக்கறது? குழந்தைக்கு இனிமே மறைவு இல்லை, மனுஷாதான் வேணும். நீ போ. அவன் இங்கே வந்தா நான் பார்த்துக்கறேன். கண்ணாகிட்ட நான் சொல்றேன், நேரா அங்கே வரச்சொல்லி."

ருக்குவின் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஹரிதாவின் ஃபோன் அணைந்திருந்தது. ஆபீஸில் அவள் அணைத்துத்தான் வைப்பாள், அதுவும் கண்ணா சட்டம்.

கிங்ஸ் சர்க்கிளில் வண்டி ஏறி, வடாலாவில் மாறி, பன்வேல் வண்டியில் லேடீஸ் பெட்டியில் இடம் பிடித்தாள். அதே வண்டி நேராகச் சான்பாடாவுக்கும் போகும் என்பது உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. எதிர்த் திசையில் வரும் வண்டி ஒவ்வொன்றிலும் நகுல் வந்துகொண்டிருப்பது போல இருந்தது. எதிர் ஸீட்டில் ஒரு பெண் வீடியோ காலில் யாருக்கோ தன் வளையலைக் காட்டிக்கொண்டிருந்தாள். சுப்புலக்ஷ்மி தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். பெட்டியில் எத்தனை ஃபோன்! ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு கண். இத்தனை நாள் இது அவளுக்குத் தோன்றியதே இல்லை.

திலக் நகரில் இறங்கும்போது விளக்கு வைத்தாயிற்று. பந்தலில் மைக் சோதனை நடந்துகொண்டிருந்தது. "ஹலோ, ஹலோ, செக்..." சுப்புலக்ஷ்மிக்கு அந்த மைக்கைப் பிடுங்கித் தரையில் அடிக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது.

ருக்குவின் கதவு விரியத் திறந்து கிடந்தது. கொலு வைத்த வீட்டில் வேறு எப்படி இருக்கும்? வாசலில் கோலம், அந்தக் கட்டடத்தில் கோலம் போட்ட ஒரே வாசல்; கோலத்தைச் சுற்றிச் செருப்புகள். சுப்புலக்ஷ்மி முதலில் செருப்புகளைத்தான் பார்த்தாள். எல்லாம் பெண்கள் செருப்பு. ஆண்பிள்ளை ஷூ ஒன்றும் இல்லை. அதற்கப்புறந்தான் மூச்சு விட்டாள்.

உள்ளே பக்கத்து வீட்டு மராத்திப் பெண்கள் இருவர் சுண்டல் பொட்டலத்தோடு விடைபெற்றுக்கொண்டிருந்தார்கள். ருக்கு அவர்களுக்கு மஞ்சள் குங்குமம் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஹரிதா அடுப்படியில்.

"என்னம்மா, சொல்லாம கொள்ளாம? நீ இங்கே அடிக்கடி வரக்கூடாதுன்னுதானே..."

சுப்புலக்ஷ்மி ஃபோனை நீட்டினாள்.

ஹரிதா படித்தாள். கையிலிருந்த கரண்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

"இதே வார்த்தை," என்றாள். "ஆபீஸ்லேர்ந்து ஃபோன் பண்ணி இதையேதான் சொல்லுவான். நான் தனியா துணி மடிச்சுண்டு பாடிண்டிருப்பேன். ஃபோன் வரும். 'என்ன, பாட்டெல்லாம் பலமா இருக்கே?' அப்புறம் எப்படிம்மா பாட்டு வரும்?"

"நான் மூஞ்சி தெரியாமத்தாண்டி எடுத்தேன். பொம்மையைத்தான் எடுத்தேன். மைக் கத்தினது என் காதுல விழவே இல்லைடி..."

"எடுக்கட்டுமான்னு கேட்டியா?"

சுப்புலக்ஷ்மி விழித்தாள்.

"குரூப்ல போடட்டுமான்னு கேட்டியா?"

"ரெண்டு வருஷம் கழிச்சுப் பாடினேடி. எனக்குத் தாங்கலை. ஊருக்கெல்லாம் சொல்லணும் போல இருந்தது. ஆசையாத்தான்..."

"அவனும் ஆசையாத்தான் காமிரா மாட்டினான். 'நீ என்ன பண்றேன்னு பார்த்துண்டே இருக்கணும்போல இருக்கு, அது ஒரு தப்பா?'ன்னான். என்னை ஒரு வார்த்தை கேக்கலை." ஹரிதாவின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. "அவனும் கேக்கலை. நீயும் கேக்கலையே அம்மா."

மாப்பிள்ளையை இந்த இரண்டு மாதமாகச் சபித்துக் கொட்டியிருக்கிறாள். அவனையும் தன்னையும் ஒரே தட்டில் வைத்து ஒருநாள் நிறுப்பார்கள் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. நிறுத்தது தப்பு என்றும் சொல்ல முடியவில்லை.

"தப்புடி," என்றாள். "பெரிய தப்பு."

ஹரிதா அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். தன் ஃபோனைப் போட்டு வக்கீல் வந்தனாவுக்கு விஷயத்தைச் சொன்னாள். வந்தனாவின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. "நான் லோக்கல் போலீஸ் ஸ்டேஷன்ல பேசறேன், ஹரிதா. ஆள் அனுப்பச் சொல்றேன். அதுவரைக்கும் தனியா வெளியே போகாதே. அவன் வந்தா, நடக்கறதை ரெக்கார்ட் பண்ணு. பயந்துண்டு அவனோட எதுவும் பேசாதே."

"கதவைச் சாத்திடறேன்," என்றாள் ருக்கு.

"விளக்கு வச்ச நேரத்துலயா? கொலு வச்ச ஆத்துலயா?" என்றாள் சுப்புலக்ஷ்மி. பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"பொம்மைக்கெல்லாம் கோவம் வராதுடி. வந்தா நான் சமாதானம் பண்ணிக்கறேன்." ருக்கு கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். "இத்தனை நேரமா என் ஃபோனை எங்கே வச்சேன்னு தெரியலை. வந்தவாளைக் கவனிக்கறதா, அதைத் தேடறதா?"

கண்ணா சயான் சிக்னலில் மாட்டிக்கொண்டிருப்பதாகச் செய்தி அனுப்பினான். ருக்கு விளக்குக்கு எண்ணெய் விட்டாள். ஏற்கெனவே நிறைய இருந்தது. ஹரிதா ஜன்னல் திரைக்குப் பக்கத்தில் போவதும் வருவதுமாக இருந்தாள்.

அப்போது சுப்புலக்ஷ்மியின் ஃபோன் துடித்தது. அதே நம்பர்.

"எங்கம்மாவை அழைச்சுண்டு வந்திருக்கேன். நவராத்திரி இல்லையா, வெத்தலை பாக்கு வாங்கிக்க மேலே வரா. இல்லைன்னு சொல்ல மாட்டேள். நான் கீழேதான் நிக்கறேன்."

எவ்வளவு நறுவிசு! கதவை உடைக்க ஆள் வரவில்லை. வெற்றிலை பாக்குக்கு வருகிற சுமங்கலியைத் திருப்பி அனுப்ப இந்த வீட்டில் யாருக்கும் வாய் வராது என்று கணக்குப் போட்டு, பெற்ற தாயை முன்னால் அனுப்புகிறான். கதவு திறந்தால் போதும். பின்னாலேயே அவன் வந்துவிடலாம்.

ஹரிதா திரை ஓரமாகக் கீழே பார்த்தாள். "பந்தல் பக்கத்துல நிக்கறான். இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. ஃபோனைத்தான் பார்த்துண்டிருக்கான்."

"மொட்டை மாடிக்குப் போயிடலாமா?" என்றாள் ருக்கு. "அங்கேர்ந்து பக்கத்துக் கட்டடத்துக்கு வழி இருக்கு. என் சிநேகிதி ஒருத்தி வாஷியில..."

"போறும் மாமி." ஹரிதா கொலுவின் முன் விரித்திருந்த பாயில் உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். "சான்பாடாலேர்ந்து இங்கே. இங்கேர்ந்து வாஷி. அங்கேயும் யாராவது பாடச் சொல்லுவா. நான் இனிமே வாயை மூடிண்டே இருக்கணுமா? எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா ஓட மாட்டேன்."

படியில் கொலுசுச் சத்தம் கேட்டது. மெதுவாக, மூச்சு வாங்கி, நின்று நின்று ஏறுகிற சத்தம்.

சுப்புலக்ஷ்மி ஃபோனைத் தூக்கினாள். வந்தனா ரெக்கார்ட் பண்ணச் சொன்னாளே. காமிராவைத் திறந்துவிட்டாள். திரையில் மகளின் முகம் வந்தது. விரல் ரெக்கார்ட் பட்டனின் சிவப்புப் பொட்டின் மேல் போய், அங்கேயே நின்றது.

ஃபோனைத் தாழ்த்தினாள்.

"எடுக்கட்டுமாடி?"

ஹரிதா நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவை அன்றைக்கு அப்போதுதான் முழுசாகப் பார்த்தாள்.

"எடு. மூஞ்சி நன்னாத் தெரியட்டும்."

"யாருக்கு அனுப்பட்டும்?"

"வந்தனாவுக்கு. வேற யாருக்கும் கிடையாது."

"சத்தியமாடி," என்றாள் சுப்புலக்ஷ்மி.

வாசல் மணி அடித்தது.

ருக்கு எழுந்தாள். ஹரிதா அவளைக் கையமர்த்திவிட்டுத் தானே போனாள். முதலில் கதவின் சங்கிலியை மாட்டினாள். அது மாட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள். பிறகு தாழை நீக்கி, சங்கிலி விடுகிற அளவுக்குக் கதவைத் திறந்தாள்.

இடுக்கில் நகுலின் அம்மா. தனியாக. பட்டுப்புடவை, தலையில் பூ, நெற்றியெல்லாம் வியர்வை. கையில் ஒரு தட்டு, தட்டில் தேங்காய், பழம், ஒரு ரவிக்கைத் துணி.

"கொலு பார்க்க வந்தேண்டிம்மா! சௌக்கியமா இருக்கியா?" என்றாள் மாமியார், தேவைக்கு மேல் உரக்க.

சொல்லிக்கொண்டே வாயின்மேல் விரலை வைத்தாள். ரவிக்கைத் துணியை விலக்கினாள். உள்ளே அவளுடைய ஃபோன் இருந்தது. அதைக் காட்டினாள், தன் காதைக் காட்டினாள், கீழே பந்தல் பக்கம் கையைக் காட்டினாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. குரல் மட்டும் மாறவே இல்லை. "உங்காத்துச் சுண்டல் வாசனை வாசல்வரைக்கும் வரதே!"

பின்னாலிருந்து சுப்புலக்ஷ்மிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ருக்கு, "நடிப்பா இருக்கும்டி, திறக்காதே" என்று முணுமுணுத்தாள். ஹரிதாவுக்கு விளங்கிவிட்டது. அவளுக்கு விளங்காமல் வேறு யாருக்கு விளங்கும்?

படியைப் பார்த்தாள். வேறு யாரும் இல்லை. இடுக்கு வழியாகக் கையை நீட்டி அந்த ஃபோனைத் துணியோடு வாங்கினாள். "உள்ளே வாங்கோ மாமி, உக்காருங்கோ," என்று அவளும் உரக்கச் சொன்னாள். ஆனால் கதவைத் திறக்காமல், விறுவிறுவென்று அடுப்படிக்குப் போய், ருக்குவின் அரிசி டின்னுக்குள் முழங்கை வரை கையை விட்டு, அந்த ஃபோனை அடியில் புதைத்து மூடினாள்.

திரும்பி வந்து இடுக்கில் முகத்தை வைத்தாள். சங்கிலி இன்னும் மாட்டித்தான் இருந்தது.

"இப்போ சொல்லுங்கோ மாமி," என்றாள் மெதுவாக. "உங்க ஃபோன்ல அந்த ஆப்பை எப்போ போட்டான்?"